பிறந்த நாளை மறக்காத கருவி

பொத்தானை அழுத்தியதும் கருவியிலிருந்து கீச்சென்று ஒலி எழுந்தது. உள்ளே வட்டு சுழலத் தொடங்கியது. பழைய தையல் இயந்திரம் ஓடுவது போன்ற கரகரப்பு கேட்டது. பிறகு தொலைக்காட்சித் திரையில் தேதியும் நேரமும் தோன்றின: 1998ஆம் ஆண்டு, நவம்பர் 27, நள்ளிரவு 12 மணி.

"அப்பா, இதுக்குத் தேதிகூடத் தெரியலையே!" என்று சிரித்தாள் மகள். அவளுக்கு வயது பதினான்கு. திரை காட்டிய நாளில் அவள் பிறந்திருக்கவே இல்லை.

"உள்ளே இருக்கிற சின்ன மின்கலம் தீர்ந்துபோச்சும்மா. அதனால ஒவ்வொரு தடவையும் அந்த நாள்லேருந்துதான் ஆரம்பிக்கும். இது ஜப்பான்ல விற்பனைக்கு வந்த நாள் அது," என்றார் தந்தை.

வீட்டைப் புதுப்பிப்பதற்காக அலமாரிகளைக் காலி செய்தபோது அகப்பட்ட கருவி அது. ஒன்றரைக் கிலோ எடைகொண்ட சிறிய வெண்ணிறப் பெட்டி. மூடியின்மேல் ஆரஞ்சு நிறச் சுழி ஒன்று. முன்புறத்தில் நான்கு துளைகள். அதன் பெயர் டிரீம்காஸ்ட். ஜப்பானின் சேகா நிறுவனம் தயாரித்த கடைசிக் காணொளி விளையாட்டுக் கருவி அது. இன்றைய தொலைக்காட்சியுடன் இணைப்பதற்கு மாற்றி ஒன்றை வாங்க வேண்டியிருந்தது. மற்றபடி, கால் நூற்றாண்டு கடந்தும் கருவி இயங்கியது.

அதை வாங்கியபோது அவருக்கு வயது பதினாறு. சாதாரண நிலைத் தேர்வு முடிந்த விடுமுறையில் ஒரு புத்தகக் கடையில் அட்டைப் பெட்டிகளைச் சுமந்து சம்பாதித்தார். தீபாவளிக்கு உறவினர்கள் கொடுத்த அன்பளிப்புப் பணத்தையும் அதோடு சேர்த்தார். "கொஞ்சம் பொறுத்து வாங்குடா. அவசரப்பட்டா அப்புறம் வருத்தப்படுவே," என்று அவருடைய அப்பா சொன்னார். அவர் பொறுக்கவில்லை. 2001ஆம் ஆண்டு ஜனவரி மாத நடுவில் கருவியை வீட்டிற்குக் கொண்டுவந்தார்.

இரண்டு வாரம்தான் சென்றிருக்கும். ஜனவரி 31ஆம் தேதி சேகா நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. டிரீம்காஸ்ட் தயாரிப்பு மார்ச் மாத இறுதியுடன் நிறுத்தப்படும். இனி எந்த விளையாட்டுக் கருவியையும் சேகா தயாரிக்காது.

நண்பர்கள் கேலி செய்தார்கள். "செத்துப்போன கருவியைக் காசு கொடுத்து வாங்கியிருக்கான்," என்றான் ஒருவன். வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அன்று தோன்றியது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மகள், "அப்படின்னா நீங்க ஏமாந்துட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட முடியவில்லை. டிரீம்காஸ்ட் மோசமான கருவியாக இருந்திருந்தால் பதில் எளிதாக இருந்திருக்கும்.

உண்மையில் அது தன் காலத்தைவிட முன்னே சென்ற கருவி. இன்று உலகின் வெவ்வேறு மூலைகளில் இருப்பவர்கள் இணையம்வழி ஒன்றாக விளையாடுவதை நாம் வியப்பாகக் கருதுவதில்லை. 1998இல் அது பெரும் கனவு. இணையத்துடன் இணைவதற்கான மோடத்தை டிரீம்காஸ்டின் உள்ளேயே பொருத்தி விற்றது சேகா. தொலைபேசிக் கம்பியைச் செருகினால் போதும். 'கனவு', 'ஒலிபரப்பு' ஆகியவற்றைக் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் சேர்க்கையே அதன் பெயர்.

அந்த இணைப்பை நன்கு பயன்படுத்திய விளையாட்டுகளில் ஒன்று, 2000ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த 'பேண்டசி ஸ்டார் ஆன்லைன்'. முன்பின் அறியாத நால்வர் ஓர் அணியாகச் சேர்ந்து வேற்றுக் கிரகத்தில் சாகசம் செய்யலாம். நால்வரும் ஒரே மொழி பேசுபவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஆயத்தமாக உள்ள சொற்றொடர்களிலிருந்து ஒருவர் தமக்கு வேண்டியதைத் தம் மொழியில் தேர்ந்தெடுத்தால், அது மற்றவர் திரையில் அவரவர் மொழியில் தோன்றும். ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் என ஐந்து மொழிகள் அதில் இருந்தன. ஜப்பானியச் சிறுவன் ஒருவன் 'உதவி தேவை' என்று கேட்டால் ஜெர்மனியிலிருப்பவருக்கு அது புரியும்.

கைப்பிடியில் செருகும் நினைவட்டையும் புதுமையானதுதான். அதற்கெனத் தனியே ஒரு சிறு திரையும் பொத்தான்களும் உண்டு. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். பேருந்தில் அமர்ந்து சிறு விளையாட்டுகளை ஆடலாம். 'சோனிக் அட்வெஞ்சர்' விளையாட்டில் வளர்க்கும் குட்டி உயிரினத்தை அந்த அட்டைக்கு மாற்றி, போகுமிடமெல்லாம் உடன் கொண்டு செல்லலாம். மாலையில் வீடு திரும்பியதும் அதை மீண்டும் பெரிய திரைக்குள் விட்டுவிடலாம். நினைவட்டைக்கு ஒரு குறையும் இருந்தது. அதன் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். தீர்ந்தால், கருவியை இயக்கும்போதெல்லாம் கீச்சென்று கத்தும். மகள் முதலில் கேட்ட ஒலி அதுதான்.

அக்கருவிக்காக உருவாக்கப்பட்ட விளையாட்டுகளில் சிலவற்றை இன்றும் பலர் பேசுகிறார்கள். யூ சுசுகி உருவாக்கிய 'ஷென்மூ' 1999ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. 1986இல் ஜப்பானின் யோகோசுகா நகரில் நடக்கும் கதை அது. அங்கு வாழும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அன்றாட வாழ்க்கை உண்டு. காலையில் கடை திறப்பார்கள். மாலையில் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடப்பார்கள். கதைநாயகன் துறைமுகத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டும் வேலைக்குக்கூடச் செல்வான். விரும்பினால், அந்தக் காலத்தில் யோகோசுகாவில் உண்மையாகவே பதிவான வானிலையின்படி விளையாட்டிலும் மழையையும் பனியையும் பெய்யச் செய்யலாம். அவ்வளவு நுணுக்கம்! 'ஜெட் செட் ரேடியோ'வோ கையால் வரைந்த கேலிச்சித்திரம் உயிர்பெற்று ஓடுவது போன்ற தோற்றத்தில் வெளிவந்தது. மனித முகம் கொண்ட ஒரு மீனுடன் ஒலிவாங்கிவழி பேசும் 'சீமேன்' என்ற விளையாட்டும் இருந்தது. அந்த மீன் சில வேளைகளில் எரிச்சலோடு மறுமொழி சொல்லும்.

இத்தனை சிறப்புகள் இருந்தும் அது ஏன் தோற்றது? தோல்விக்கான விதை டிரீம்காஸ்ட் பிறப்பதற்கு முன்பே ஊன்றப்பட்டுவிட்டது.

1990களின் தொடக்கத்தில் சேகா, நிண்டெண்டோவுக்குச் சமமாகப் போட்டியிட்ட நிறுவனம். அதன் நீல முள்ளெலியான சோனிக்கை அறியாத சிறுவர்கள் குறைவு. பிறகு அது அவசரப்பட்டது. முந்தைய கருவியான மெகா டிரைவுடன் இணைக்கக்கூடிய துணைக்கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக விற்றது. 1994ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் அத்தகைய துணைக்கருவி ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதே மாதத்தில் ஜப்பானில் 'சாட்டர்ன்' என்ற முற்றிலும் புதிய கருவியை அறிமுகப்படுத்தியது. துணைக்கருவியை வாங்கியவர்கள் விரைவிலேயே கைவிடப்பட்டார்கள்.

சாட்டர்ன், அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி வெளிவரும் என்று சொல்லப்பட்டிருந்தது. ஆனால் மே 11ஆம் தேதி, "இதோ, இன்றே கடைகளில் கிடைக்கிறது, விலை 399 டாலர்" என்று சேகா திடீரென அறிவித்தது. போட்டியை முந்திவிடலாம் என்பது அதன் எண்ணம். அதே நாளில், தன் பிளேஸ்டேஷனின் விலை 299 டாலர் என்று சோனி அறிவித்தது. சேகா தேர்ந்தெடுத்த சில கடைகளுக்கு மட்டுமே சாட்டர்ன் போய்ச் சேர்ந்திருந்தது. விடுபட்ட கடைக்காரர்கள் சினம் கொண்டனர். விளையாட்டுகளை உருவாக்கும் நிறுவனங்களும் நான்கு மாதங்களுக்கு முன்னதாக ஆயத்தமாகியிருக்கவில்லை. வாங்குபவர், விற்பவர், உருவாக்குபவர் ஆகிய முத்தரப்பினரும் சேகாவின் சொல்லை ஐயத்துடன் பார்க்கத் தொடங்கினர்.

இத்தகைய சூழ்நிலையில்தான் டிரீம்காஸ்ட் வந்தது. இம்முறை சேகா தன் தவறுகளை உணர்ந்து செயல்பட்டது. விலையைக் குறைத்தது. விளையாட்டுகளை முன்கூட்டியே ஆயத்தம் செய்தது. அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாளை வெளியீட்டு நாளாக அறிவித்தது. ஒன்பதாம் மாதம், ஒன்பதாம் தேதி, தொண்ணூற்று ஒன்பதாம் ஆண்டு. மறக்க முடியாத நாள். விலை 199 டாலர். முதல் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 100 மில்லியன் டாலருக்கு விற்பனை நடந்தது.

ஆயினும், சூடு கண்ட பூனையை மீண்டும் அடுப்படிக்கு அழைப்பது எளிதன்று. உலகின் மிகப் பெரிய விளையாட்டு நிறுவனங்களுள் ஒன்றான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், டிரீம்காஸ்டுக்காக ஒரு விளையாட்டையும் தரவில்லை. வட்டுகளை எளிதில் நகலெடுக்க வழிவிடும் குறை ஒன்று கருவியில் இருந்ததால் திருட்டு நகல்களும் பரவின. இதற்கிடையில் சோனி, பிளேஸ்டேஷன் 2 வரப்போவதாக அறிவித்தது. அதில் டிவிடி திரைப்படங்களையும் பார்க்கலாம். ஒரே விலையில் இரண்டு பயன். "இப்போது சேகாவை வாங்கி, நாளை அவர்கள் கைவிட்டுவிட்டால்? சோனி வரட்டும், பொறுத்துப் பார்ப்போம்," என்று பல குடும்பங்கள் எண்ணின. பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் 2000ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் தேதியும் அமெரிக்காவில் அதே ஆண்டு அக்டோபரிலும் வெளிவந்தது. காலப்போக்கில் அது 150 மில்லியனுக்கும் மேல் விற்பனையானது. டிரீம்காஸ்ட் உலகெங்கும் விற்றது ஏறத்தாழ 9.13 மில்லியன் மட்டுமே.

நல்ல பொருளை உருவாக்க சேகாவுக்குச் சில ஆண்டுகள் போதுமானதாக இருந்தது. இழந்த நம்பிக்கையை மீட்க அதைவிட அதிகக் காலம் தேவைப்பட்டது. அந்தக் காலம் அதற்குக் கிடைக்கவில்லை.

இக்கதையில் மறக்கக்கூடாத மனிதர் ஒருவர் இருக்கிறார். அவர் சேகாவின் தலைவராக இருந்த இசாவோ ஓக்காவா. தாம் நிறுவிய கணினிச் சேவை நிறுவனத்தின்மூலம் பெரும் செல்வம் ஈட்டியவர். சேகா தள்ளாடியபோது தம் சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுத்தார். டிரீம்காஸ்டை நிறுத்தும் முடிவு எடுக்கப்பட்ட அந்த 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் நோயுற்றிருந்தார். அந்நிலையில் சேகா தமக்குத் திருப்பித் தரவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்தார். தம்மிடமிருந்த பங்குகளையும் நிறுவனத்திற்கே அளித்தார். அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 700 மில்லியன் அமெரிக்க டாலர் மதிப்புடையவை. மார்ச் 16ஆம் தேதி, தம் 74ஆவது வயதில் அவர் காலமானார். அவர் அளித்த கொடையே சேகா மூழ்கிவிடாமல் தப்பிப்பதற்குப் பெரிதும் உதவியது.

கருவி நின்றது; நிறுவனம் நிலைத்தது. பிற நிறுவனங்களின் கருவிகளுக்காக விளையாட்டுகளை உருவாக்கும் பணியில் சேகா இறங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், ஒருகாலத்தில் பரம எதிரியாக இருந்த நிண்டெண்டோவின் கருவியில் சோனிக் ஓடியது. இணையவழி விளையாட்டு என்ற கனவை மற்ற நிறுவனங்கள் எடுத்துச் சென்றன. இன்று அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

பதினாறு வயதில் இவற்றில் எதுவும் அவருக்குத் தெரியாது. கருவியின் விலை குறைந்துவிட்டதே என்ற வருத்தம்தான் தெரிந்தது. அமெரிக்காவில் அது 99 டாலருக்கு இறங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டபோது வயிறு எரிந்தது. ஆனால் கருவியோடு விளையாட்டு வட்டுகளின் விலையும் இறங்கியது. முன்பு கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவற்றை இப்போது கைச்செலவுப் பணத்தில் வாங்க முடிந்தது. பழைய கைப்பிடிகள் மூன்றையும் மலிவாக வாங்கினார். முன்புறம் இருந்த நான்கு துளைகளும் நிரம்பின.

சனிக்கிழமை மாலைகளில் மேல்மாடியிலிருந்த மலாய் நண்பரும் எதிர்வீட்டுச் சீனச் சகோதரர்கள் இருவரும் வந்துவிடுவார்கள். 'சூசூ ராக்கெட்' என்றொரு விளையாட்டு. ஓடும் எலிகளை ஏவுகணைக்குள் ஏற்ற வேண்டும். பூனைகள் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விதியை ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். கூச்சல் மட்டும் இரவுவரை அடங்காது. அவர்களுக்கு முறுக்குத் தட்டைக் கொடுக்க வந்த அம்மாவும் ஒருநாள் கைப்பிடியை வாங்கி ஆடிப்பார்த்தார். மூன்று பூனைகளைத் தம் ஏவுகணைக்குள்ளேயே அனுப்பிவிட்டுச் சிரித்தார். அப்பா நாளிதழுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். அதன்பிறகு அந்தக் கருவியைச் செத்துப்போன கருவி என்று யாரும் சொல்லவில்லை.

அவரைப் போன்றவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். தயாரிப்பு நின்ற பிறகும் ஜப்பானில் 2007ஆம் ஆண்டுவரை டிரீம்காஸ்டுக்குப் புதிய விளையாட்டுகள் அதிகாரபூர்வமாக வெளிவந்தன. ஆர்வலர்கள் இன்றும் தங்கள் சொந்த முயற்சியில் விளையாட்டுகளை உருவாக்கி வெளியிடுகிறார்கள். சேகா மூடிய இணையச் சேவைகளுக்கு மாற்றாகத் தாங்களே சேவையகங்களை அமைத்து நடத்துகிறார்கள். ஷென்மூவின் கதை இரண்டாம் பாகத்தோடு பாதியில் நின்றிருந்தது. 2015இல் மூன்றாம் பாகத்திற்குப் பொதுமக்களிடம் நிதி கேட்டபோது, 69,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 6 மில்லியன் டாலருக்கும் அதிகமாக வழங்கினர். 2019இல் அது வெளிவந்தது. சந்தை கைவிட்ட ஒன்றை மக்கள் இத்தனை ஆண்டுகள் கைவிடாமல் வைத்திருந்தார்கள்.

விற்பனைக் கணக்கைப் பார்த்தால் டிரீம்காஸ்ட் தோல்விதான். அதை மறுக்க வேண்டியதில்லை. தவறுகளின் விலையைச் சேகா கொடுத்தது. அதில் ஒரு சிறு பங்கை, பெட்டி சுமந்து சம்பாதித்த பதினாறு வயது மாணவரும் கொடுத்தார். ஆனால் அக்கருவியை உருவாக்கியவர்களின் உழைப்பும், அதைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களின் சனிக்கிழமைகளும் அந்தக் கணக்கேட்டில் இடம்பெறுவதில்லை. அவற்றைக் கணக்கு வைத்திருப்பவர்கள் வேறு.

மகள் இன்னும் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"முதல்ல ஏமாந்துட்டேன்னுதான் நினைச்சேன். ரெண்டு மூணு வாரம் பெட்டியைத் திறக்கவே இல்ல," என்றார் அவர். "அப்புறம் திறந்தேன். அதுக்கப்புறம் அப்படி நினைச்சதே இல்லம்மா."

"தாத்தா அப்போ ஒண்ணுமே சொல்லலையா?"

"சொல்லல. ஆனா ரெண்டாவது கைப்பிடிக்குக் காசு கொடுத்தது அவர்தான்."

மகள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு திரையைப் பார்த்து, பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி ஆண்டை மாற்றினாள். 1999, 2000, 2001 என்று எண்கள் நகர்ந்தன. இன்றைய தேதி வரும்வரை பொறுமையாக அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்குத் திரும்பவும் 1998ஆ ஆயிடும்," என்றார் தந்தை.

"பரவாயில்லப்பா, நாளைக்கும் மாத்திக்கலாம்," என்று சொல்லிவிட்டு, இரண்டாவது கைப்பிடியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.